நிறைமாதத்தில் தூக்கம் வரவில்லையா? எழுப்புவது எது என்று முதலில் பாருங்கள்

படி 1: தலைமாட்டில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: சிறுநீர், நெஞ்செரிச்சல், இடுப்புவலி, கால்பிடிப்பு, கவலை. இரண்டு மூன்று இரவுகளில் அதிகம் தொல்லை தருவது எது என்று தெரிந்துவிடும். அதற்குரிய படியிலிருந்து தொடங்குங்கள். விடியும் வரை ஒரே மூச்சில் தூங்குவதை இந்த மாதங்களில் எதிர்பார்க்காதீர்கள். விழிப்பைக் குறைப்பதுதான் நம் வேலை.

படி 2: படுக்கும் முறை. இது எல்லோருக்குமானது. 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்தால் கருப்பையின் பாரம் இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய சிரையை அழுத்தும். இடப்பக்கம்தான் படுக்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள், வலப்பக்கமும் சரிதான். நடு இரவில் மல்லாந்திருப்பதை உணர்ந்தால் பதற வேண்டாம், பக்கவாட்டில் திரும்பினால் போதும்.

முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வையுங்கள். அது கணுக்கால் வரை நீள வேண்டும். முழங்காலோடு நின்றுவிட்டால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய பருத்திப் புடவை, முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணை. கடையில் விற்கும் நீண்ட கர்ப்பகாலத் தலையணை வசதிதான், ஆனால் கட்டாயமில்லை.

‘படுத்தபடி புரண்டால் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்து திரும்பு’ என்று பாட்டிமார் சொல்வது உண்டு. நீங்கள் புரள்வதால் கொடி சுற்றாது. குழந்தை உள்ளே தானே சுழன்றுகொண்டிருக்கிறது. இடுப்பு எலும்பு வலிப்பவர்கள் மட்டும் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு மெல்லத் திரும்புங்கள்.

படி 3: சிறுநீர். இதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அதிகப் பங்கைப் பகலிலேயே குடித்துவிடுங்கள். பகலெல்லாம் காலில் தேங்கும் நீர், நீங்கள் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. எனவே மாலையில் அரைமணி நேரம் கால்களை உயர்த்தி வைத்து ஒருக்களித்து இளைப்பாறினால், அந்த வேலை படுக்கப்போகும் முன்பே ஓரளவு முடிந்துவிடும். கழிப்பறையில் சற்று முன்னோக்கிக் குனிந்தால் பை முழுமையாகக் காலியாகும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் பரிசோதனை தேவை.

படி 4: நெஞ்செரிச்சல். இரவு உணவைத் தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே, குறைவாக முடியுங்கள். இட்லி, இடியாப்பம் நல்லது. வத்தக்குழம்பையும் பஜ்ஜியையும் பகலுக்குத் தள்ளுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அசையாதபடி மரக்கட்டை வைத்துச் சற்று உயர்த்தலாம். சோடா உப்பு கலந்த பொடிகளை மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

படி 5: கால். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் காலை நீட்டி, பாதவிரல்களை முழங்காலை நோக்கி இழுங்கள். படுக்கும் முன்பும் இதையே மெதுவாகச் செய்யலாம். வலி இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது வேறு. அதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீர், காபி, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 6: மனம். காபியைக் காலையோடு நிறுத்துங்கள். மதியத் தூக்கம் அரைமணி, முக்கால்மணி போதும். படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள், கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். அந்த நேரத்தில் செல்பேசியில் பிரசவக் கதைகள் படிப்பது தூக்கத்துக்கு எதிரி. அழுகையும் பயமும் நாள்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமே வேண்டாம்.

தூக்க மாத்திரையோ நாட்டு மருந்தோ எதுவானாலும் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

இவற்றுக்குத் தலையணை வைத்தியம் பார்க்காதீர்கள்: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் கூடும் அரிப்பு, கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். புதிதாகத் தொடங்கிய பலத்த குறட்டைக்கு அவ்வளவு அவசரமில்லை. ஆனால் அது உயர் ரத்த அழுத்தத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பதால் அடுத்த பரிசோதனையில் மறக்காமல் சொல்லுங்கள்.