புளூகிராஸ் ஃபிளாட்பிக்கிங்: வலது கையிலிருந்து தொடங்குங்கள்

புளூகிராஸ் என்ற அமெரிக்கக் கிராமிய இசையில், பிக் எனப்படும் சிறு தட்டைத் தகட்டால் கிட்டார் கம்பிகளை மீட்டும் முறைதான் ஃபிளாட்பிக்கிங். தேர்ந்த ஃபிளாட்பிக்கர் வாசிப்பதைப் பார்க்கும்போது நம் கண் இடது கை விரல்களின் மேலேயே ஓடும். வலது மணிக்கட்டைப் பாருங்கள். வேகமும் தெளிவும் பிறக்கும் இடம் அதுதான்.

தேவையானவை

ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிட்டார். ட்ரெட்நாட் என்ற பெரிய உடல் வகையானால் பாஸ் (தாழ்ந்த ஒலி) நன்றாக எழும். தொடக்கத்துக்கு .012 லைட் கம்பி செட் போதும். பிக் 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் இருக்கட்டும். மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் வளைந்துவிடும். அது நிமிர்வதற்குள் அடுத்த சுரம் பிந்திவிடும்.

படி 1: பிடி

மடக்கிய ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலால் அழுத்துங்கள். நுனி 4 மி.மீ. போல வெளியே தெரிந்தால் போதும். அதிகம் நீட்டினால் பிக் கம்பிக்குள் ஆழமாக இறங்கிச் சிக்கும்.

படி 2: ரிதம்

ஜி கார்டு பிடியுங்கள். நான்கு தட்டுத் தாளத்தில் ஒன்றுக்கு 6ஆம் கம்பி (மிகத் தடித்தது; 1ஆம் கம்பி மிக மெல்லியது), இரண்டுக்கு மெல்லிய கம்பிகளில் ஸ்ட்ரம் (சேர்த்து வருடுவது), மூன்றுக்கு 4ஆம் கம்பி, நான்குக்கு மறுபடி ஸ்ட்ரம். நான்கும் கீழ்நோக்கிய அடி. சி கார்டுக்கு பாஸ் 5, 4ஆம் கம்பிகள். டி கார்டுக்கு 4, 5. ஜாமில் (கூடி வாசிக்கும்போது) பெரும்பகுதி நேரம் நீங்கள் வாசிக்கப்போவது இதைத்தான், சோலோவை அல்ல.

படி 3: கீழ், மேல்

விதி ஒன்றே: தாளத்தின் மேல் விழும் சுரத்துக்குக் கீழடி, இடையில் வருவதற்கு மேலடி. ஜி ஸ்கேலில் பழகுங்கள் (ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தின் குறுக்குக் கட்டை; திறந்தது என்றால் கம்பியை அழுத்தாமல்):

3ஆம் கம்பி: திறந்தது (கீழ்), 2ஆம் ஃப்ரெட் (மேல்)
2ஆம் கம்பி: திறந்தது (கீழ்), 1 (மேல்), 3 (கீழ்)
1ஆம் கம்பி: திறந்தது (மேல்), 2 (கீழ்), 3 (மேல்)

சிக்கல் 2ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பிக்குத் தாவும் இடத்தில். பிக் ஏற்கெனவே கீழே போய்க்கொண்டிருப்பதால், அதே வீச்சில் 1ஆம் கம்பியையும் அடித்துவிடத் தோன்றும். அடித்தால் அதற்கப்புறம் வரும் அடிகளெல்லாம் தலைகீழாகிவிடும். கம்பியைத் தொடாமல் தாண்டிப் போய், கீழிருந்து மேலே அடியுங்கள். தாவும் இடத்தையொட்டிய மூன்று சுரங்களை மட்டும் தனியாகப் பிரித்து வாசிப்பது நல்லது.

நீண்ட சுரம் வந்தாலும் கை நிற்கக் கூடாது. காற்றிலேயே மேலே போய் வரட்டும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள், ஒரு தட்டுக்கு இரண்டு சுரம். பிசகில்லாமல் வந்தபின் நான்கு நான்காக ஏற்றுங்கள். முழங்கை இறுகினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள், இறக்குங்கள்.

படி 4: ஜி ரன்

பாடல் வரி முடியும் இடத்தை நிரப்ப புளூகிராஸ் கிட்டார் கலைஞர் லெஸ்டர் ஃபிளாட் பிரபலமாக்கிய சொற்றொடர் இது. எளிய வடிவம்: 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட், 5ஆம் கம்பி திறந்தது, 1, 2, 4ஆம் கம்பி திறந்தது, 2, 3ஆம் கம்பி திறந்தது. ஏழு சுரம், கீழடியில் தொடங்கினால் கடைசி சுரமும் கீழடியில், நான்காம் தட்டில் விழும்.

படி 5: மெட்டு

1950களில் ஃபிடில் (வயலின்) இல்லாத நடன இசைக்குழுவில் கிட்டார் கலைஞர் டாக் வாட்சன் ஃபிடில் மெட்டுகளைக் கிட்டாரில் வாசித்தார். நீங்களும் அவருடைய பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். சுரங்கள் தனித்தனியாகக் காதில் விழும். இன்னொரு கிட்டார் கலைஞர் டோனி ரைஸ் தாளத்தைத் தள்ளியும் இழுத்தும் வாசித்தவர், அவர் பிறகு. சுருதி மாறாமல் பதிவின் வேகத்தைப் பாதியாக்கி, இரண்டிரண்டு பார்களாக (தாளச் சுற்றுகளாக) எடுங்கள்.

முதல் மெட்டுக்கு 'ஓல்ட் ஜோ கிளார்க்' நன்று. வழக்கமாக ஏ சுருதி. கேபோவை (எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி) 2ஆம் ஃப்ரெட்டில் போட்டு ஜி வடிவங்களில் வாசியுங்கள். ஆனால் 1ஆம் கம்பியில் கேபோவிலிருந்து இரண்டாவது ஃப்ரெட்டுக்குப் பதில் முதல் ஃப்ரெட். பழகிய ஸ்கேலை அப்படியே போட்டால் மெட்டு கெட்டுவிடும்.