மொட்டை மாடியில் ராக்கெட் பார்க்க: எந்தத் திசை, எந்த நொடி

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் சென்னையில் அது நன்றாகத் தெரிவது ஒன்றரை நிமிடம்போலத்தான். அதில் பாதியை “எங்கே, எங்கே” என்று தேடியே தொலைப்பவர்கள் அதிகம். குழந்தைகளோடு மாடி ஏறுமுன் திசையும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

மெரினாவிலிருந்து ஏவுதளம் ஏறக்குறைய நேர் வடக்கே, சுமார் 75 கி.மீ. கடற்கரைக்குப் போகிறவர்கள் பழக்கத்தில் கடலைப் பார்த்தே நிற்பார்கள். இடப்பக்கம், துறைமுகத்தை நோக்கித் திரும்ப வேண்டும். அங்கே கிரேன்கள் மறைக்கும் என்பதால், வடக்கே உயர்ந்த கட்டடம் இல்லாத மொட்டை மாடியே மேல். முந்தின நாளே போனில் திசைகாட்டியைப் பார்த்து, வடக்கே தெரியும் ஒரு டவரையோ தண்ணீர்த் தொட்டியையோ பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டிவிடுங்கள். இரும்புக் கம்பி, கைப்பிடிச் சுவர்க் கிராதி பக்கத்தில் போனை வைத்தால் திசைகாட்டி பொய் சொல்லும்.

மேலே வந்தபின் எந்தப் பக்கம் சாயும்? அது சுற்றுப்பாதையைப் பொறுத்தது, ராக்கெட்டின் பெயரை அல்ல. வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போவது முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தவிர்த்துவிட்டுப் பிறகுதான் தெற்கே திரும்பும். சென்னைக்காரர்களுக்கு இதுதான் யோகம்: வடக்கில் முளைத்து, வலப்பக்கமாகக் கடலுக்கு மேலே நகரும். பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோலச் சுற்றும் புவிநிலைப் பாதைக்கான ஏவல்கள் கிழக்கே விலகிப் போகும். பெரும்பாலும் துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏறிய, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1கூடக் கிழக்கே போனதுதான். காலை ஏவலில் அந்தப் பக்கம் சூரியன் இருக்கும். பிள்ளைகள் கையில் பைனாகுலர் கொடுக்காதீர்கள்.

நேரத்துக்கு யூடியூப் நேரலையை நம்ப வேண்டாம். அது அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரும். திரையில் ‘மூன்று, இரண்டு’ என்று எண்ணும்போது ராக்கெட் ஏற்கெனவே வானத்தில் இருக்கும். இஸ்ரோ அறிவித்த நேரத்தைப் போன் கடிகாரத்தில் பாருங்கள். கிளம்பியதும் தெரியாது. அடிவானத் தூசியைத் தாண்டி மேலே வர 30, 40 நொடி ஆகும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் சுமார் 10 பாகை. அடிவானத்துக்கு மேலே அந்த ஒரு முஷ்டிக்குள்தான் முதலில் தேட வேண்டும். இரவில் ஆரஞ்சு நிறப் பொட்டு, பகலில் வெள்ளைப் புகைக்கோடு.

ஏறத்தாழ இரண்டாம் நிமிடத்தில் வெளிச்சம் சட்டென்று மங்கும். “வெடிச்சிருச்சா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. பளீரென்று எரியும் திட எரிபொருள் தீர்ந்து, மங்கலாக எரியும் திரவ எரிபொருளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

சத்தமும் வேண்டுமென்றால் நகரத்தை விட்டுப் போக வேண்டும். பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் சுமார் 35 கி.மீ, கி.மீக்கு மூன்று நொடி என்று வைத்தால் உறுமல் வந்துசேர ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகும். காற்று எதிர்த்திசையில் அடித்தால் வராமலும் போகலாம். முழு அதிர்வுக்கு ஸ்ரீஹரிகோட்டா பார்வையாளர் மாடம்தான். 2019இல் திறந்தது, இணையத்தில் முன்பதிவு கட்டாயம், அசல் அடையாள அட்டையும் வேண்டும். பெரிய ஏவல் என்றால் இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்கு ரயில் உண்டு. அங்கிருந்து பழவேற்காடு ஏரிக்கு நடுவே போகும் ஒரே சாலை. முடிந்ததும் எல்லா வண்டியும் அதே சாலையில்தான் திரும்பும், எனவே தண்ணீரும் தின்பண்டமும் திரும்பும் வழிக்கும் சேர்த்து எடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்தை நம்ப முடியாது. தள்ளிவைப்பதும் சகஜம்: 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 ஏவலை 56 நிமிடம் முன்பு நிறுத்தி, 22ஆம் தேதிதான் அனுப்பினார்கள். விடியற்காலை ஏவல் என்றால் பிள்ளைகளை எழுப்புமுன் ஒருமுறை செய்தியைப் பாருங்கள்.