இன்ஸ்டாலர் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பைதான் பட்ட பாடு

அலுவலகத்துக்குள் பயன்படுத்த ஒரு சின்ன இன்ஸ்டாலர் எழுதுவது பார்வைக்கு எளிய வேலை. ஜிப் கோப்பை இறக்கி, விரித்து, சரியான ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. முதல் நாள் நன்றாகவே ஓடும். தொல்லை எல்லாம் அதற்கு அப்புறம்தான். புது வெர்ஷன் வரும், பழையதை எடுக்க வேண்டியிருக்கும், பாதியில் நெட் போகும், இரண்டு லைப்ரரிகள் மூன்றாவது ஒன்றுக்காக மல்லுக்கட்டும். இவை எல்லாவற்றையும் பைதான் என்ற நிரல் மொழியின் உலகம் ஒன்று விடாமல் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டது. இன்ஸ்டாலர் எழுத உட்காரும் யாரும் அந்தக் கதையை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1998-ல் கிரெக் வார்டு தொடங்கிய டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற நிறுவும் கருவி, 2000-ல் பைதானோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வழி. ஒன்றில் மேக்ஃபைல் இருக்கும், இன்னொன்றில் "இந்தக் கோப்பை அங்கே காப்பி செய்துகொள்ளவும்" என்று ஒரு ரீட்மீ இருக்கும். அந்தக் குழப்பத்தை எல்லாம் 'பைதான் செட்டப்.பை இன்ஸ்டால்' என்ற ஒரே கட்டளைக்குள் கொண்டுவந்தது பெரிய உபகாரம். ஆனால் அந்தக் கருவிக்குப் போடத் தெரியும், எடுக்கத் தெரியாது.

என் கணக்கில் முதல் தவறும் பெரிய தவறும் அதுதான்: எதை எங்கே வைத்தோம் என்று எழுதி வைக்காமல் விடுவது. டிஸ்ட்யூட்டில்ஸில் 'ரெக்கார்ட்' என்று ஒரு விருப்பம் இருந்தது. இன்ஸ்டால் செய்யும்போதே அதைக் கொடுத்திருந்தால் வைத்த கோப்புகளின் பட்டியல் கிடைக்கும், அதை வைத்துப் பின்னால் ஒவ்வொன்றாக அழிக்கலாம். கொடுக்க மறந்தால் பட்டியல் கிடையாது. 2004-ல் ஃபிலிப் ஜே. ஈபி செட்டப்டூல்ஸையும் அதோடு ஈஸி இன்ஸ்டாலையும் கொண்டுவந்தார். டிபென்டென்சிகளை (ஒரு பேக்கேஜ் ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்களை) தானே தேடி இறக்கும் வசதி அப்போதுதான் பைதான்காரர்களுக்குக் கிடைத்தது. ஆனால் எடுக்கிற வழி அதிலும் இல்லை. ஒரு பேக்கேஜை நீக்க வேண்டுமானால், சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் போய் அதன் 'எக்' கோப்பை (அந்தக் காலத்து பேக்கேஜ் வடிவம்) தேடி அழிக்க வேண்டும். பிறகு 'ஈஸி-இன்ஸ்டால்.பிடிஹெச்' என்ற கோப்பைத் திறந்து அந்த பேக்கேஜுக்கு உரிய வரியைக் கையால் நீக்க வேண்டும். 'பின்' (bin) என்ற ஃபோல்டரில் அது போட்ட சிறு ஸ்கிரிப்டுகளை நீங்களே நினைவு வைத்துத் தேட வேண்டும். அவை பல சர்வர்களில் வருடக்கணக்கில் அனாதையாகக் கிடந்தன.

இத்தனைக்கும் டெபியன் லினக்ஸின் இன்ஸ்டாலரான டிபிகேஜி 1994-லிருந்தே இருக்கிறது. அது ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனிப் பட்டியல் கோப்பு வைத்துக்கொள்கிறது. 'டிபிகேஜி -எல்' என்று கேட்டால் எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லிவிடும். 'ரிமூவ்' என்றால் நிரலை எடுத்துவிட்டு, நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்பை விட்டுவைக்கும். 'பர்ஜ்' என்றால்தான் அதையும் சேர்த்துத் துடைக்கும். பைதான் பக்கம் இதற்கு நல்ல விடை வீல் என்ற புதிய பேக்கேஜ் வடிவத்தோடு வந்தது. ஒவ்வொரு வீலுக்குள்ளும் 'ரெக்கார்ட்' என்ற கோப்பு உண்டு. அதில் ஒரு வரிக்கு மூன்று விஷயம்: கோப்பின் பாதை, அதன் ஷா256 ஹாஷ் (கோப்பு மாறியதா என்று காட்டும் கைரேகை மாதிரி ஒன்று), எத்தனை பைட். நீங்கள் எழுதும் கருவியில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த மூன்று பத்திப் பட்டியல் கட்டாயம் இருக்கட்டும். கோப்புகளை வைத்து முடித்த பிறகு எழுதாமல், வைக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் எதைத் துடைக்க வேண்டும் என்று தெரியும்.

பாதியில் நிற்கும் இன்ஸ்டால் அடுத்த பிரச்சினை. ஈஸி இன்ஸ்டால் ஒன்றை இறக்கி, அதை நிறுவி, அதற்கு என்ன வேண்டும் என்று பார்த்து அடுத்ததற்குப் போகும். நாலாவது பேக்கேஜ் கிடைக்காவிட்டால் முதல் மூன்றும் அப்படியே கிடக்கும். 2008-ல் இயன் பிக்கிங் எழுதிய பிப் என்ற இன்ஸ்டாலர் (முதலில் அதன் பெயர் பைஇன்ஸ்டால்) இந்த வரிசையை மாற்றியது. தேவையானது எல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் நிறுவும் வேலை தொடங்கும். எந்த பேக்கேஜ் யாருக்காக வருகிறது என்பதையும் அது நினைவில் வைத்துக்கொண்டது. அதனால் பிழை வந்தால் காரணத்தைச் சொல்ல முடிந்தது. நம் கருவியிலும் இதைச் செய்யலாம். அதே டிஸ்க்கில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் எல்லாவற்றையும் விரித்து, சரிபார்த்து, கடைசியில் பெயரை மட்டும் மாற்றுங்கள். வேறு டிஸ்க்கில் விரித்தால் பெயர் மாற்றம் உண்மையில் காப்பியாகிவிடும், பழையபடி பாதியில் நிற்கலாம்.

அடுத்தது, தகவலை நிரலாக எழுத வைத்தது. செட்டப்.பை என்பது பைதான் நிரல். பேக்கேஜின் பெயர், வெர்ஷன், அதற்கு வேண்டியவை எல்லாம் அந்த நிரலை ஓட்டினால்தான் தெரியும். ஓட்டுவது என்றால் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதை உங்கள் கணினியில், சில நேரம் ரூட் அனுமதியோடு, ஓட்டுவது. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சி மொழி நீட்சி உள்ள பல பேக்கேஜ்களின் செட்டப்.பை, நம்பை என்ற கணித லைப்ரரியின் ஹெடர் கோப்புகள் எங்கே என்று கேட்க, மேலே முதல் வரிகளிலேயே நம்பையை இம்போர்ட் செய்யும். அதே கோப்பின் கீழே 'எனக்கு நம்பை வேண்டும்' என்று எழுதியிருக்கும். ஆனால் அந்த வரி வரைக்கும் பைதான் போகவே போகாது. நம்பை இல்லை என்று இம்போர்ட் எரர் காட்டி மேலேயே நின்றுவிடும். 2016-ல் பெப் 518 (பைதானுக்கான மாற்ற முன்மொழிவு ஆவணங்களில் ஒன்று), பில்டு செய்ய என்ன வேண்டும் என்பதை பைப்ராஜெக்ட்.டொம்ல் என்ற வெறும் உரைக் கோப்பில் எழுதச் சொன்னது. பிப் அதை ஏற்றுக்கொண்டது 2018-ல், 10-ஆம் வெர்ஷனில். படித்தாலே தெரிய வேண்டிய விஷயத்துக்கு ஒரு நிரலை ஓட்ட வைக்காதீர்கள். ஜேசான், டொம்ல், ஏன், வரிக்கு ஒன்றாக எழுதிய சாதாரணக் கோப்புகூடப் போதும்.

எங்கே நிறுவுவது என்பதில் நானே அடி வாங்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டெபியன் சர்வரில் 'சூடோ பிப்' (நிர்வாகி அனுமதியோடு பிப்) போட்டு ஒரு லைப்ரரியை அப்கிரேடு செய்தேன். என் நிரல் ஓடியது, நிம்மதியாகக் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை அந்த சர்வரின் நிர்வாகக் கருவி ஒன்று எரர் காட்டி நின்றது. அதுவும் பைதானில் எழுதியது, அதே லைப்ரரியின் பழைய வெர்ஷனை நம்பியிருந்தது. பிப் புதியதை யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) ஃபோல்டருக்குள் வைத்திருந்தது. பைதான் முதலில் தேடுவது அங்கேதான், அதனால் பழையது அதன் இடத்திலேயே இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை. புதியதை நீக்கியதும் சரியாகிவிட்டது, ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. ஒவ்வொரு வேலைக்கும் தனி பைதான் சூழல் அமைக்கும் வெர்ச்சுவல்என்வை 2007-லேயே பிக்கிங் கொடுத்துவிட்டார். என்றாலும் தனி இடம் என்பது பல வருடம் 'விருப்பப்பட்டால்' என்ற அளவில்தான் இருந்தது. 2023-ல் வந்த டெபியன் 12 முதல், பெப் 668-இன்படி, ஓஎஸ்ஸின் பைதானில் பிப் கைவைக்கப் போனாலே மறுத்துவிடுகிறது. பாதுகாப்பான இடம்தான் இயல்பாக அமைய வேண்டும். ஆபத்தான இடத்துக்குத்தான் தனியாக அனுமதி கேட்க வைக்க வேண்டும்.

டிபென்டென்சி முரண்பாட்டை மூடி மறைப்பதும் அதே அளவு கெடுதல். 'அ' என்ற பேக்கேஜுக்கு 'இ' எந்த வெர்ஷனானாலும் சரி, 'ஆ'வுக்கு மட்டும் 'இ' 2-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய பிப் 'அ'வை முதலில் பார்த்தால் 'இ'யின் 3-ஐ எடுத்துக்கொள்ளும். பிறகு 'ஆ'வைப் பார்க்கும்போது, 'இ'தான் ஏற்கெனவே எடுத்தாயிற்றே என்று தாண்டிப் போய்விடும். இருவருக்கும் பொருந்தும் 1-ஆம் வெர்ஷன் இருந்தும் அதைத் தேடாது. கட்டளையில் 'ஆ'வை முன்னால் எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும்! இதைச் சீராக்கிய புதிய ரிசால்வர் (எல்லோருக்கும் பொருந்தும் வெர்ஷன்களைத் தேடும் பகுதி) இயல்பாக வந்தது 2020 நவம்பரில், பிப் 20.3-ல். முழு ரிசால்வர் எழுதுவது உண்மையிலேயே கடினம், சின்னக் கருவிக்கு அது தேவையும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் துல்லியமான வெர்ஷனை எழுதிப் பூட்டிவிடுங்கள். முரண்பாடு தெரிந்தால் வேலையை நிறுத்தி, யாருக்கும் யாருக்கும் ஒத்துவரவில்லை என்று பெயர் சொல்லுங்கள்.

வெர்ஷன் எண்ணை வெறும் எழுத்தாக ஒப்பிட்டால் 1.10-ஐ விட 1.9 பெரிதாகிவிடும், அதையும் கவனியுங்கள். '1.0ஆர்சி1' என்பது வெளியீட்டுக்கு முந்தைய சோதனை வடிவம், அது 1.0-க்கு முன்னால் வர வேண்டும். கோப்பு இறங்கும் இடமும் முக்கியம். பைதான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ 2003-ல் தொடங்கியபோது பேக்கேஜ்களின் விவரப் பட்டியலாகத்தான் இருந்தது. கோப்பைத் தேடி கருவிகள் ஆசிரியரின் சொந்தத் தளம் வரை போகும், அந்தத் தளம் தூங்கினால் உங்கள் இன்ஸ்டாலும் நிற்கும். சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும் வழக்கமே பிப்புக்கு 2013-ல் 1.3-ஆம் வெர்ஷனில்தான் வந்தது.

கடைசியாக ஒன்று, பலருக்கும் தோன்றாதது. 2000-ல் வந்த டிஸ்ட்யூட்டில்ஸை பைதானிலிருந்து நீக்க 2023 அக்டோபர் வரை, 3.12 வெளியாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏராளமான செட்டப்.பை கோப்புகள் அதன் உள்ளுறுப்புகளை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தன. நீங்கள் முதல் வாரத்தில் அவசரமாக முடிவு செய்யும் கோப்பு வடிவமும் அதே மாதிரி நீண்ட நாள் உங்களோடு இருக்கும். வீல் கோப்பைத் திறந்து பாருங்கள், உள்ளே 'வீல்-வெர்ஷன்: 1.0' என்று ஒரு வரி இருக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எண் தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிதாக இருந்தால் பிப் எச்சரித்துவிட்டு வேலையைத் தொடரும். முன்னுள்ள எண் பெரிதாக இருந்தால் தொடாமல் நின்றுவிடும். உங்கள் வடிவத்திலும் அந்த வரியை முதல் நாளே எழுதி, அதைப் படித்துப் பார்க்கும் நிரலையும் அன்றே எழுதிவிடுங்கள்.