எல்லா வகைப் பனிச்சரிவுக்கும் ஏற்ற ஸ்கீபோர்டு

ஊன்றுகோல் இல்லாமல் ஓட்டப்படும் ஸ்கீபோர்டு, பனியில் சறுக்க இரு கால்களிலும் மாட்டும் பலகையான சாதாரண ஸ்கீயைவிடக் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். சமன்செய்த பாதை, மேடுபள்ளம், புதுப்பனி என மலை முழுவதும் சுற்ற விரும்புபவர், 90 சென்டிமீட்டருக்கும் குறைவான பலகையை விட்டு, 100 முதல் 120 சென்டிமீட்டர் வரையிலான அகலமான பலகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மிகக் குட்டையானவை கடினப் பனியில் துள்ளி விளையாட உதவினாலும், ஆழமான பனியில் எளிதில் புதைந்துவிடும்.

பலகையைவிட, காலணியை அதனோடு இணைக்கும் பிணைப்பானில்தான் அதிகக் கவனம் தேவை என்பது என் கருத்து. விழும்போது காலணியை விடுவிக்காத பிணைப்பான், முறுக்கு விசை முழுவதையும் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பின்மீது செலுத்துவதால் எலும்பு முறியும் அபாயம் உண்டு; பலகை நீளமாக நீளமாக அந்த அபாயமும் கூடும். ஆகவே தானாக விடுவிக்கும் பிணைப்பானைப் பொருத்தி, உடல் எடை, உயரம், வயது, திறன், காலணி அடியின் நீளம் ஆகியவற்றுக்கேற்ப அதன் அளவீட்டைப் பயிற்சி பெற்றவரிடம் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பராமரிப்பின்போது, பலகையின் உலோக விளிம்புகளை அரத்தால் ஒரே திசையில் தேய்த்துக் கூர்மையாக்கிய பின், இரு முனைகளிலும் மட்டும் கூர்மையைச் சற்றே மழுக்கினால், திரும்பும்போது பலகை இழுக்காது. அடிப்பரப்பைத் துடைத்து, அன்றைய பனியின் வெப்பநிலைக்குரிய மெழுகை இஸ்திரிப் பெட்டியால் உருக்கிப் பூசவேண்டும். மெழுகு புகைந்தால் சூடு மிகுதி என்று பொருள். பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது. முழுவதும் ஆறியபின் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, தூரிகையால் தேய்க்கவேண்டும். சோம்பலால் பலரும் தவிர்ப்பது இந்தச் சுரண்டலைத்தான்.