ஸ்பீக்கர் ஒட்டப்போய் கெடுத்த கதை

போன வாரம் அக்கா மகன் ஒரு 8 இஞ்ச் வூஃபரை, அதாவது பேஸ் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, ஃபோம் மாத்தி ஒட்டிட்டேன். ஆனா கரகரங்குது." பார்வைக்குப் புதுசு மாதிரிதான் இருந்தது. இரண்டு கை விரல்களையும் கோனின் (ஸ்பீக்கரில் முன்னால் அதிரும் காகிதக் கூம்பு) ஓரத்தில் எதிரெதிரே வைத்து மெல்ல அமுக்கினேன். சரக். 15 வருஷத்துக்கு முன்னால் நானே கேட்ட சத்தம்.

நடு பார்க்காமல் ஒட்டுவது

கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நாள்பட்டால் தானாகவே பொடிந்து உதிரும். ஈரக்காற்று பட்டால் இன்னும் சீக்கிரம். பழசைச் சுரண்டிவிட்டுப் புதுசை ஒட்டுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கோனுக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில், காந்தத்தின் இடுக்குக்குள் எதையும் தொடாமல் போய்வர வேண்டும். பெரும்பாலும் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இடம் இருக்காது. வளையம் ஒரு நூல் விலகினால் போதும், காயில் இரும்பில் உரசும். சத்தம் குறைவாக வைத்தால் தெரியாது. பேஸ் ஏற்றினால் கரகர. அப்படியே ஓட்டினால் கம்பியின் எனாமல் தேய்ந்து காயிலே போய்விடும்.

15 வருஷத்துக்கு முன்னால் நான் அவசரத்தில் வளையத்தைப் பிய்த்தேன். கோனின் ஓரக் காகிதமும் சேர்ந்து உரிந்து வந்தது. அந்த அளவுக் கோனுக்காக சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டு நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

சரியாக ஒட்ட, முதலில் கோனின் நடுவில் உள்ள சின்ன மூடியை, டஸ்ட் கேப்பை, பிளேடால் அறுத்து எடுங்கள். மனசு வராது, பரவாயில்லை. பழைய ஃபோட்டோ நெகட்டிவைப் பட்டைகளாக நறுக்கி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் நாலு பக்கமும் செருகுங்கள். (என்னிடம் இருப்பது அக்காவின் கல்யாண நெகட்டிவ். அவளுக்குத் தெரியாது.) வளையத்தை முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு ஃபிரேமில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பட்டைகளை உருவிவிட்டு கேப்பைத் திரும்ப ஒட்டுங்கள்.

பையன் நல்லவேளையாக வெள்ளைப் பசை போட்டிருந்தான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் தொட்டு ஃபிரேம் பக்கத்தை மட்டும் இளக்கி, மறுபடி நடு பார்த்து ஒட்டினேன்.

சூப்பர் க்ளூ

காகிதக் கோனுக்கு வேண்டாம். கல்லாக இறுகும், அதன் ஓரத்திலேயே அடுத்த விரிசல் விழும். சின்னக் கிழிசலுக்கு ஃபெவிகாலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரும் போதும்.

மல்டிமீட்டரில் 6 ஓம் காட்டினால் பதறுவது

8 ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும்.

இடுக்கில் விழுந்த இரும்புத்தூளை ஊதுவது

போகாது. செல்லோடேப்பைப் பசைப்பக்கம் வெளியே வரும்படி மடித்து, உள்ளே விட்டு ஒற்றி எடுங்கள்.