தண்ணீர் படாமல் சுருள்முடியை ரோலரில் சுற்றும் முறை

ரோலர் சுற்ற வேண்டுமென்றால் முடியை முதலில் நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சித்தி மகளின் நிச்சயதார்த்தம் ஒரு நவம்பர் மாதத்தில் நடந்தது. முந்தைய இரவு தலைக்குக் குளித்து, ஈரத் தலையிலேயே இருபது ரோலர்களைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிரித்தபோது வெளிச்சுற்று காய்ந்திருந்தது, உள்சுற்று ஈரமாகவே இருந்தது. புடவை கட்டி முடிப்பதற்குள் சுருள்கள் எல்லாம் தளர்ந்து, ஒழுங்கில்லாமல் பறக்கும் முடியாக மாறிவிட்டன. பின்னலைப் போட்டுக்கொண்டு கிளம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சென்னையின் காற்றில், அதுவும் மழைக்காலத்தில், அடர்த்தியான சுருள்முடி ரோலருக்குள் ஓர் இரவில் முழுதாகக் காயாது என்பதை அன்று புரிந்துகொண்டேன். அதன்பின் பழகிக்கொண்ட உலர் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். ரசாயனத்தால் நேராக்கப்படாத, இயல்பிலேயே சுருண்ட அல்லது அலை அலையான முடியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

நனைக்காத முடி எப்படி வடிவம் பிடிக்கும் என்ற கேள்வி இயல்பானது. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பிணைப்புகளில் இரண்டு வகைகளை மட்டும் இங்கே தெரிந்துகொண்டால் போதும். கந்தகப் பிணைப்புகள் வலுவானவை. பார்லரில் செய்யும் நிரந்தர ரசாயனச் சிகிச்சைகளில்தான் அவை உடைக்கப்படுகின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகளோ நீர் பட்டால் விலகி, நீர் வெளியேறியதும் அப்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் சேர்ந்துகொள்பவை. ரோலர் வேலை செய்வது இந்த இரண்டாம் வகையின் மீதுதான். காய்ந்த முடி என்று நாம் சொல்வதும் முற்றிலும் நீரற்றது அன்று: காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது முடி தன் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு நீரைத் தனக்குள் வைத்திருக்கிறது. சென்னையில் காலை நேர ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கும் மேலேயே இருப்பதால், முடிக்குள் இருக்கும் அந்த ஈரத்தோடு ஹேர் மூஸ் என்னும், முடியை வடிவத்தில் நிறுத்தப் பூசும் நுரையில் கையளவின் ஈரமும் சேர்ந்தால், ஒரு சுற்றைப் பிடித்துவைக்க அது போதுமானது. இப்படிக் கிடைக்கும் சுருள் நனைத்துச் சுற்றியதைப் போல இறுகியதாக இராது. மென்மையாகவும் பெரிதாகவும் தொங்கும். எனக்கு அதுவே அழகாகத் தோன்றுகிறது.

முடியை முன்கூட்டியே தயார் செய்தல்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் தவறவிடுவது இந்தப் பகுதியைத்தான். சுற்றும் நாளன்று குளிக்கக் கூடாது. ஒரு நாள் முன்னதாகவே தலைக்குக் குளித்துவிட வேண்டும். ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் வழக்கம்போல் வெள்ளிக்கிழமை குளித்து, சனி இரவு சுற்றலாம். அந்த வாரம் எண்ணெய் தேய்த்திருந்தால் ஷாம்பு போட்டு முழுமையாக நீக்கிவிடுங்கள். எண்ணெய் தங்கிய முடி ரோலரில் வழுக்கும், நுரையையும் ஏற்காது. பிரித்தபின் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருப்பது நம் வீடுகளில் பாட்டிமார்களுக்கு மனவருத்தத்தைத் தரும் செய்திதான். மூன்று நாள் கழித்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

குளித்தபின் முடியை விரித்துப்போட்டுக் காயவிட்டால் சுருள்முடி தன் முழு நீளத்திலிருந்து வெகுவாகச் சுருங்கிவிடும். சுருங்கிய முடியை உலர்ந்த நிலையில் ரோலரில் சுற்றினால் பழைய சிறு சுருளும் புதிய பெரிய சுருளும் ஒன்றோடொன்று மோதி, பஞ்சுபோல் உப்பிய தோற்றம்தான் கிடைக்கும். எனவே முக்கால்வாசி காய்ந்த நிலையில் முடியை நான்கு முதல் ஆறு பின்னல்களாகப் பின்னி, நுனிவரை இழுத்துக் கட்டி, அப்படியே முழுதாகக் காயவிடுங்கள். மறுநாள் பின்னலைப் பிரிக்கும்போது முடி நீண்டு, மெல்லிய அலைகளோடு இருக்கும். ரோலர் சுற்றுவதற்கு ஏற்ற நிலை இதுதான். இயல்பிலேயே அலைமுடி உள்ளவர்களுக்கு இரண்டு பின்னல்கள் போதும்.

வாங்க வேண்டியவை

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலோ பாரிமுனைப் பக்கத்திலோ உள்ள ஃபேன்சி ஸ்டோர்களில் பல வகை ரோலர்கள் கிடைக்கும். ஒட்டிக்கொள்ளும் முள் பரப்புடைய வெல்க்ரோ ரோலர்களைச் சுருள்முடிக்காரர்கள் வாங்க வேண்டாம். முடி அதில் சிக்கிக்கொண்டால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இரவு முழுவதும் தலையில் வைத்துத் தூங்குவதற்குப் பஞ்சு ரோலர்தான் சரி. தோள்வரை முடி உள்ளவர்களுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் விட்டம் போதும். இடுப்புவரை நீண்ட முடிக்கு, வளைத்துப் பூட்டக்கூடிய நீளமான ரப்பர் கம்பி ரோலர்கள் வசதியானவை. இவற்றோடு அகலமான பற்கள் கொண்ட சீப்பு ஒன்று, வகிடு எடுக்கக் கூர்வால் சீப்பு ஒன்று, நான்கு கிளிப்புகள், சிறிய டப்பா ஹேர் மூஸ், தலையில் கட்டிக்கொள்ள வழவழப்பான பட்டு அல்லது சாட்டின் துணி ஆகியவை வேண்டும். கிழிந்துபோன பட்டுப் பாவாடையின் துணிகூட இதற்கு மிக நன்றாகப் பயன்படும்.

சுற்றுதல்

முதலில் விரல்களாலும் பின்பு அகலச் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். அடுத்ததாக, நெற்றியிலிருந்து பிடரிவரை நடுவில் ஒரு பட்டையும், காதுகளின் மேல் இருபுறமும் ஒவ்வொரு பகுதியுமாக முடியை மூன்றாகப் பிரித்துக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். நடுப்பட்டையை நெற்றிப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சுற்றிச் செல்ல வேண்டும். பக்கங்களைக் கீழ்நோக்கிச் சுற்ற வேண்டும்.

ஒவ்வொரு கற்றையும் ரோலரின் நீளத்தைவிடச் சற்றே குறுகலாகவும், ரோலரின் விட்டத்தைவிடத் தடிமன் மிகாமலும் இருக்கட்டும். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பெரிய கற்றைகளாக எடுத்தால் வெளிச்சுற்றில் இருக்கும் முடி ரோலரின் வளைவை உணரவே உணராது. கற்றையைக் கையில் பிடித்தபின் சுண்டைக்காய் அளவு மூஸை உள்ளங்கைகளில் தேய்த்து, கற்றையின் நடுவிலிருந்து நுனிவரை தடவுங்கள். முடி தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கலாம். ஈரமாக இருக்கக் கூடாது. வெள்ளை நுரை கண்ணுக்குத் தெரிந்தால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள்.

இனி, இந்த முறையின் உயிர்நாடிக்கு வருவோம். நீர் செய்ய வேண்டிய வேலையின் பெரும்பங்கை இங்கே இழுவிசை செய்கிறது. கற்றையைத் தலைப்பரப்புக்குச் செங்குத்தாக உயர்த்தி, சீப்பால் ஒருமுறை சீராக வாரி, அந்த இறுக்கம் குறையாமல் நுனியை ரோலரின் மேல் தட்டையாக வையுங்கள். நுனி மடிந்துவிட்டால் மறுநாள் தூண்டில் முள்போல் வளைந்து நிற்கும்; அதைச் சரிசெய்யப் பின்னர் வழியில்லை. ஆகவே நுனியின் கடைசி இரண்டு சென்டிமீட்டருக்காக எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. நுனியை மெல்லிய காகிதத்தில் பொதிந்து சுற்றினால் இன்னும் எளிது. முதல் சுற்று சரியாக அமைந்தபின் ரோலரை வேர்வரை ஒரே இறுக்கத்தில் உருட்டிச் சென்று பூட்டுங்கள். இறுக்கம் என்பது முடியில் இருக்க வேண்டியது. தோலில் வலி தெரிந்தால் உடனே தளர்த்திவிடுங்கள். நெற்றி ஓரத்து மெல்லிய முடிகளைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கே முடி உதிர்ந்து வழுக்கை விழும். இந்த ஓர் எச்சரிக்கையை மட்டும் எக்காரணம் கொண்டும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கைகள் வலிக்கும், பின்தலைக்கு வீட்டில் யாரையாவது உதவிக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

இரவும் காலையும்

பட்டுத் துணியைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆறு முதல் எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஏ.சி. உள்ள அறையில் காற்று உலர்ந்திருப்பதால் சுருள் நன்றாகப் பிடிக்கும். காலையில் கழற்றுவதற்கு முன் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஐந்து நிமிடம் காட்டி, பிறகு முழுதாக ஆறவிடலாம், கட்டாயமில்லை. சூடாக இருக்கும்போதே கழற்றினால் சுருள் நிற்காது.

பிடரியில் உள்ள ஒரு ரோலரை மட்டும் முதலில் கழற்றிப் பாருங்கள். அந்தச் சுருள் துள்ளி மேலெழுந்தால் மற்றவற்றையும், சுற்றிய திசைக்கு எதிராக மெதுவாக உருட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றியதும் கைவைக்கத் தோன்றும். பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பின்பு இரண்டு சொட்டு சீரம் தடவிய விரல்களால் ஒவ்வொரு சுருளையும் இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துவிட்டால் போதும். சீப்பையும் பிரஷையும் அன்று தொடவே வேண்டாம்.

மல்லிகைச் சரம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடாமல் இருக்கப் பூக்காரம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அந்த ஈரச் சரத்தை அப்படியே சூடிக்கொண்டால் பின்தலைச் சுருள்கள் அரைமணி நேரத்தில் தளர்ந்துவிடும். சரத்தை நன்றாக உதறி, ஒரு துணியில் ஒற்றி எடுத்து, கிளம்பும் நேரத்தில் கடைசியாக வையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரையோரப் பகுதிகளில் நிகழ்ச்சி என்றால் கடற்காற்று நேரே தாக்கும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

மறுநாளும் சுருள்கள் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் திரும்பச் சுற்ற வேண்டியதில்லை. இரவு படுக்கும்போது முடி முழுவதையும் உச்சியில் தளர்வாகக் கூட்டி, மென்மையான ரப்பர் பேண்டு ஒன்றைப் போட்டு, அதே பட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். நெற்றிப்பக்கத்தில் மட்டும் நான்கைந்து ரோலர்கள், இம்முறை மூஸ் இல்லாமல்.