டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால்: காரணம் கண்டுபிடிப்பதும் சரியான காற்று வைப்பதும்

காரின் டயர் ஒருபக்கமோ இரண்டு விளிம்புமோ மொட்டையாகிவிட்டால் பலரும் புது டயர் போட்டு, கையோடு வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்துவிடுகிறார்கள். தேய்ந்த புஷ்ஷோ (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) குறைவான காற்றோ காரணமாக இருந்தால் புது டயரும் அதே மாதிரிதான் தேயும். அதனால் பழைய டயரைக் கழற்றுவதற்கு முன் அதை அளந்துவிடுங்கள். அதற்கு ட்ரெட்டின் (தரையில் படும் பள்ளமிட்ட ரப்பர் பகுதி) ஆழம் பார்க்கும் டெப்த் கேஜ், காற்று பார்க்கும் பிரஷர் கேஜ், ஒரு டார்ச் போதும்.

1. மூன்று இடத்தில் அளவெடுங்கள்

ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடத்திலும் பள்ளத்தின் ஆழத்தை எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி இன்னொரு இடத்திலும் அளவெடுங்கள். முன் டயரின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டபின் பாருங்கள். பின் டயருக்கு போன் கேமராவை உள்ளே நீட்டிப் படமெடுத்தால் போதும். ரப்பருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி தெரிகிற அளவு தேய்ந்த டயர்களில் பெரும்பாலும் உள்விளிம்புதான் முதலில் போயிருக்கும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டயர் நன்றாகவே தெரியும்.

கார் டயர் புதிதாக இருக்கும்போது ஆழம் ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடுகள் 1.6 மி.மீ. உயரம் கொண்டவை. ட்ரெட் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் டயரை மாற்றுங்கள்.

2. தேய்மானத்தைப் படியுங்கள்

இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு மட்டும் மேடாக இருந்தால் காற்றுக் குறைவு, அல்லது தொடர்ந்து அதிக பாரம். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஆனால் இன்றைய ரேடியல் டயரில் ட்ரெட்டுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை (ஸ்டீல் பெல்ட்) இருப்பதால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடினால் நடு தேய்ந்துவிடாது. மாதக்கணக்கில் நிறைய கூடியிருக்க வேண்டும்.

ஒரு விளிம்பு மட்டும் போயிருந்தால் கையை வைத்துப் பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டயரில் வெறும் கை வேண்டாம். ட்ரெட்டின் குறுக்கே உள்ளங்கையை ஒருமுறை காரை நோக்கியும் ஒருமுறை வெளியே வரும்படியும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் பட்டால் அது டோ கோளாறு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. உள்ளே போகும்போது வழவழப்பு, வெளியே வரும்போது சொரசொரப்பு என்றால் டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். மாறி இருந்தால் டோ-அவுட் (முன்பக்கம் வெளிநோக்கித் திரும்பியிருப்பது). எந்தப் பக்கமும் ரம்பம் தட்டாமல் ஒரு விளிம்பு மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பரை (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) சந்தேகிக்கலாம். பல கார்களில் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. அது மாறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் இறங்கியிருக்கிறது.

சுற்றிலும் விட்டுவிட்டுக் குழிகள் இருந்து, வேகம் கூடக்கூட ஊளைச் சத்தமும் கேட்டால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள், அடுத்தது பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது). ஒரே ஓரிடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் எப்போதோ பிரேக் அடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டதன் தடம்.

3. எவ்வளவு காற்று?

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் பெட்ரோல் மூடியின் உட்புறம், அல்லது கையேட்டில். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, முழு பாரத்துக்கு வேறொன்று என்று இருக்கலாம். பார் (இன்னொரு காற்றழுத்த அலகு) கணக்கில் இருந்தால் 14.5 ஆல் பெருக்கினால் பி.எஸ்.ஐ. வந்துவிடும், 2.2 பார் என்றால் ஏறக்குறைய 32.

அந்த எண்கள் எல்லாமே குளிர்ந்த டயருக்கானவை. வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஓடிய டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. கூடித் தெரிவது சகஜம். நீண்ட தூரம் ஓட்டியபின் 37 காட்டுகிறதே என்று 33-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை அது 29-ல் நிற்கும். தேய்மானத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. வெளி வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தால் அழுத்தமும் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். அதனால் பருவம் மாறும்போது ஒருமுறை பாருங்கள். மற்றபடி மாதம் ஒருமுறை, ஸ்டெப்னியையும் சேர்த்து.

உதைத்துப் பார்த்தோ கண்ணால் பார்த்தோ மதிப்பிடுவதில் பயனில்லை. ரேடியல் டயர் சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். ஒரே டயரில் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால் வால்விலும் ரிம் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள்.

4. அலைன்மென்ட்டுக்குப் போவதற்கு முன்

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். முன் சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை). மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். ஆடுகிற பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. மெஷினில் சரியாக நிற்கும் கோணம் ரோட்டில் நிற்காது.

அலைன்மென்ட் முடிந்ததும் முன்னிருந்த அளவு, பின்வந்த அளவு இரண்டும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கையால் தடவிக் கண்ட சக்கரத்தில் டோ உண்மையிலேயே விலகியிருந்ததா என்று பாருங்கள். விலகல் எதுவுமே இல்லையென்றால் இன்னும் காரணம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். புஷ்களைப் பாரம் ஏற்றிய நிலையில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.